ஏக்கருக்கு எத்தனை வீடு? நாமக்கல் இணைப்பில் பேசாமல் விட்ட கேள்வி

2024 ஆகஸ்ட் 12 அன்று நாமக்கல் மாநகராட்சியானது. காரைக்குடி, புதுக்கோட்டை, திருவண்ணாமலை ஆகிய நகரங்களும் அன்றுதான் அந்தத் தகுதியைப் பெற்றன. 2011 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 55 ஆயிரம் பேர் வாழ்ந்த ஊர் நாமக்கல். பழைய நகராட்சியின் எல்லையை மட்டும் வைத்துக்கொண்டு அது மாநகராட்சி ஆகியிருக்க முடியாது. சுற்றியிருந்த 12 ஊராட்சிகளைச் சேர்த்த பிறகே ஆனது. கோழிப் பண்ணையும் குச்சிக்கிழங்குக் காடும் கிணற்றுப் பாசனத் தோட்டமும் லாரிப் பட்டறையும் கலந்து கிடக்கும் நிலம் அது. ஓர் அரசாணையில் அத்தனையும் நகரமாகிவிட்டது.

இந்த இணைப்பைப் பற்றி ஊர்களில் நடந்த பேச்சு பெரும்பாலும் இரண்டே பொருளைச் சுற்றி வந்தது. நூறு நாள் வேலை போய்விடும் என்பது ஒன்று, வரி ஏறும் என்பது மற்றொன்று. இரண்டும் நியாயமான அச்சங்கள். ஊரக வேலை உறுதித் திட்டம் ஊராட்சிப் பகுதிக்கு மட்டுமே உரியது. மாநகராட்சிக்குள் போன ஊரில் அதற்கு இடமில்லை. வரி விஷயத்திலும் மக்களுக்கு அனுபவம் உண்டு. 2022 ஏப்ரலில் தமிழ்நாட்டு நகர்ப்புறங்களில் சொத்து வரி 25 விழுக்காட்டிலிருந்து 150 விழுக்காடு வரை உயர்த்தப்பட்டது. மண் வேலைக் கூலியை நம்பிக் குடும்பம் நடத்தும் பெண்ணுக்கு இவற்றைவிடப் பெரிய கேள்வி வேறு இருக்க முடியாது.

ஆனால் நகரத்தோடு சேரும் நிலத்தின் தலையெழுத்தை முடிவு செய்யும் மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு. ஓர் ஏக்கரில் எத்தனை வீடு, எத்தனை மாடி, எத்தனை குடும்பம்? யாரைக் கேட்டு, எதற்கு ஈடாக? இதைக் கிராம சபையில் எழுப்பியவர்கள் மிகக் குறைவு. எழுப்பியிருந்தாலும் பதில் சொல்லும் அதிகாரம் படைத்த அலுவலர் எவரும் அங்கே இருந்திருக்க மாட்டார். வரியை அடுத்த ஆட்சி குறைக்கலாம். வேலைத் திட்டத்துக்கு மாற்றுத் திட்டம் வரலாம். ஆனால் 23 அடித் தெருவின் இருபுறமும் எழும்பிவிட்ட மாடி வீடுகளை எந்த ஆட்சியாலும் பின்னுக்குத் தள்ள முடியாது. குடியிருப்பின் நெருக்கமே இணைப்புப் பேச்சின் முதல் பொருளாக இருந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும். ஓர் ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. தெருவுக்கும் பிறவற்றுக்கும் மூன்றில் ஒரு பங்கு போனால் ஏறத்தாழ 29 ஆயிரம் சதுர அடி மிஞ்சும். 1,200 சதுர அடி சைட்டாகப் பிரித்தால் 24 மனை. மனைக்கு ஒரு வீடு, வீட்டுக்கு நான்கு பேர் என்றால் 96 பேர். ஊரகக் குடிநீருக்கு ஜல் ஜீவன் திட்டம் வைத்திருக்கும் அளவு தலைக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். அப்படியானால் அந்த ஏக்கருக்குத் தேவை 5,280 லிட்டர்.

அதே ஏக்கர் மாநகராட்சிக்குள் வந்து, எஃப்.எஸ்.ஐ. எனப்படும் தளப் பரப்புக் குறியீடு 2 என்ற அளவில் கட்டப்படுகிறது என்று கொள்வோம். 1,200 சதுர அடி மனையில் 2,400 சதுர அடி வரை தளம் எழுப்பலாம். மனைக்கு இரண்டு குடும்பம் என்று அடக்கமாகவே வைத்துக்கொண்டாலும் 48 குடும்பம், 192 பேர். பாதாளச் சாக்கடை உள்ள நகரத்துக்கு ஒன்றிய அரசின் பொறியியல் கையேடு வைத்திருக்கும் குடிநீர் அளவு தலைக்கு 135 லிட்டர். ஆக, நாளொன்றுக்கு 25,920 லிட்டர்; ஏறத்தாழ ஐந்து மடங்கு. பயன்படுத்திய நீரில் எண்பது விழுக்காடு கழிவாக வெளியேறும் என்பது பொறியாளர்கள் பொதுவாக எடுக்கும் கணக்கு. அதன்படி அந்த ஒரே ஏக்கரிலிருந்து தினமும் 20 ஆயிரம் லிட்டருக்கு மேல் சாக்கடை நீர் கிளம்பும். அதை வாங்கிக்கொள்ளக் குழாய் இல்லையென்றால் கழிவுநீர்த் தொட்டிக்குப் போகும், அங்கிருந்து லாரிக்கு, அல்லது பக்கத்துத் தோட்டக் கிணற்றின் ஊற்றுக்கு. காவிரியில் மோகனூரிலிருந்தும் ஜேடர்பாளையத்திலிருந்தும் ஏற்றி வரும் தண்ணீரை நம்பியிருக்கும் நகரம் இந்த ஐந்து மடங்கை எங்கிருந்து கொடுக்கும் என்பதை எல்லைக் கோடு வரைவதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும்.

ஏன் கேட்கவில்லை? நிர்வாகம் பிரிந்து கிடக்கும் விதம் ஒரு காரணம். ஊராட்சி, ஊரக வளர்ச்சித் துறையின் கீழ். மாநகராட்சி, நகராட்சி நிர்வாகத் துறையின் கீழ். நிலப் பயன்பாட்டைத் தீர்மானிக்கும் நகர் ஊரமைப்பு இயக்ககமோ (மக்கள் சொல்லும் டி.டி.சி.பி.) வீட்டுவசதி, நகர்ப்புற வளர்ச்சித் துறையின் கீழ். எல்லையை ஒரு துறை மாற்றுகிறது. எல்லைக்குள் என்ன எழும்பலாம் என்பதை இன்னொரு துறை சொல்கிறது. பழைய ஊரைக் கைவிடுவது மூன்றாவது துறை. மூன்றும் ஒரே மேசையில் அமர்ந்து ஊர் மக்களோடு பேசுவதற்குச் சட்டப்படியான கட்டாயம் எதுவும் இல்லை.

காலமும் ஒத்துழைக்கவில்லை. சேலம், நாமக்கல் உள்ளிட்ட 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. அதன் பிறகு தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். மாநிலத்தில் மேலும் 16 மாநகராட்சிகளை விரிவாக்கும் அறிவிப்புகள் வந்ததும் அந்த வாக்கில்தான். ஊருக்காகப் பேரம் பேச வேண்டிய வேளையில் பேசுவதற்கு ஊரால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆள் இல்லை. இது தற்செயலாகவே நடந்திருக்கலாம். ஆனால் விளைவு தற்செயலானதல்ல. ஊரை இழப்பது பற்றிய மிகப் பெரிய முடிவில் ஊரின் கையெழுத்து இல்லாமல் போனது.

அரசமைப்புச் சட்டம் இதை இப்படி நினைக்கவில்லை. 74ஆம் திருத்தம் 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அது கொண்டுவந்த 243கியூ பிரிவு, ஒரு பகுதியை நகரமாக அறிவிக்கும்போது ஆளுநர் கருதிப் பார்க்க வேண்டியவற்றைச் சொல்கிறது. மக்கள்தொகை, மக்கள் நெருக்கம், உள்ளாட்சியின் வருவாய், வேளாண்மை அல்லாத வேலைகளின் விழுக்காடு முதலியவை அவை. மக்கள் நெருக்கம் அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. பன்னிரண்டாம் அட்டவணையின் முதல் இரண்டு பொருள்களும் நகரத் திட்டமிடலும் நிலப் பயன்பாட்டு ஒழுங்குமுறையும்தான். உள்ளாட்சிக்கு உரியவை என்று அரசமைப்பு எண்ணிய இந்த இரண்டு பொருள்களும் தமிழ்நாட்டில் பெருமளவு இயக்ககத்திடமும் தலைமைச் செயலகத்திடமுமே இன்றும் இருக்கின்றன.

நெருக்கம் பற்றிய பேரம் நடக்காமலும் இல்லை. அது வேறு சன்னல்களில், ஒற்றை ஒற்றை விண்ணப்பமாக நடக்கிறது.

முதல் சன்னல் மனைப்பிரிவு. நகரம் விரியப்போகிறது என்ற செய்தி வருவதற்கு முன்பே புரமோட்டர் நிலம் பார்த்துவிடுவார். காட்டு வழியாகப் போகும் வண்டிப் பாதை எவ்வளவு அகலம், எந்தச் சாலையில் சேர்கிறது என்பதைப் பொறுத்தே விலை படியும். 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி, கட்டட விதிகளின்படி 3,000 சதுர மீட்டர் வரையிலான நிலத்தில் திறந்தவெளிக்கு எதுவும் ஒதுக்க வேண்டியதில்லை. அதற்கு மேல் 10,000 சதுர மீட்டர் வரை, தெரு நீங்கலான பரப்பில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கலாம், அல்லது அதற்கு ஈடாகப் பணம் கட்டலாம். 10,000ஐத் தாண்டினால் நிலமாகவே தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். நம் அளவில் சொன்னால் முதல் வரம்பு சுமார் 74 சென்ட், இரண்டாவது சுமார் 2 ஏக்கர் 47 சென்ட். தோட்டத்தைத் துண்டு துண்டாக விண்ணப்பித்தால் விளையாட்டுத் திடல் விடாமலே தப்பிக்கலாம் என்பது இந்த எண்களிலேயே அடங்கியிருக்கிறது. பத்துத் துண்டு சேர்ந்து இருபது ஏக்கர் குடியிருப்பு ஆகும்போது அங்கே குழந்தைகள் ஓடுவதற்கு ஒரு சென்ட் இடம்கூட இல்லாமல் போகலாம்.

இதற்கு முந்தைய நிலை இன்னும் மோசம். அனுமதியே இல்லாமல் மனை போட்டு விற்ற காலம் அது. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பத்திரப் பதிவு செய்யத் தடை விதித்தது. அடுத்த ஆண்டு அரசு வரன்முறை விதிகளைக் கொண்டுவந்து, 2016 அக்டோபர் 20க்கு முன் உருவான மனைகளுக்கு வழி திறந்தது. சேலம், நாமக்கல் சமவெளியில் நகரத்தோடு இப்போது சேரும் பல தெருக்கள் அந்த வகையில் சட்டத்துக்குள் வந்தவைதான். மாநகராட்சி அவற்றைப் பெற்றுக்கொள்ளும்போது வடிகாலுக்கு இடமில்லாத தெருக்களையும் சேர்த்தே பெற்றுக்கொள்கிறது.

இரண்டாவது சன்னல் நிலப் பயன்பாட்டு மாற்றம். முழுமைத் திட்டம் உள்ள பகுதியில் வேளாண் மண்டலம் குடியிருப்பு மண்டலமாக மாற வேண்டும். திட்டம் இல்லாத பகுதியில், 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் பின்னாளில் சேர்த்த 47-ஏ பிரிவின்படி முன் இசைவு பெற வேண்டும். நஞ்சை என்றால் கூடுதல் கேள்வி உண்டு. ஆனால் இந்தச் சமவெளியில் நிலத்தின் பெரும்பகுதி புஞ்சை. மானாவாரியும் கிணற்றுப் பாசனமும். நெல் வயலுக்குச் சட்டத்தில் இருக்கும் கொஞ்சப் பாதுகாப்பும் குச்சிக்கிழங்குக்கும் நிலக்கடலைக்கும் சோளத்துக்கும் இல்லை. சேலத்துச் சேகோ ஆலைகளுக்குக் கிழங்கு கொடுக்கும் காடு சட்டத்தின் பார்வையில் எளிதாகக் கைமாறக்கூடிய நிலம். எனக்கு இது பெரிய அநீதியாகத் தோன்றுகிறது.

மூன்றாவது சன்னல் கூடுதல் தளப் பரப்பு. சாதாரணக் கட்டடங்களுக்கு முன்பு 1.5 ஆக இருந்த குறியீட்டை 2019 விதிகள் 2 ஆக்கின. அதற்கு மேலும் வேண்டுமென்றால் கட்டணம் செலுத்தி வாங்கலாம். 9 மீட்டர் சாலையில் 30 விழுக்காடு, 12 மீட்டரில் 40, 18 மீட்டரும் அதற்கு மேலும் 50 என்று சாலை அகலத்தோடு அது ஏறும். சாலையோடு இணைத்தது அறிவார்ந்த செயல், அதைப் பாராட்ட வேண்டும். ஆனால் குடிநீர்க் குழாயோடும் சாக்கடையோடும் இணைக்கவில்லை. கட்டிய பணம் அந்தத் தெருவுக்கே திரும்ப வேண்டும் என்ற பிணைப்பும் இல்லை. நெருக்கத்தைச் சுமப்பது தெரு. விலை போவது வேறு கணக்குக்கு.

நாமக்கல்லுக்கே உரிய சிக்கல் ஒன்றும் இருக்கிறது: கோழிப் பண்ணை. புதிய பண்ணை குடியிருப்புப் பகுதியிலிருந்து 500 மீட்டர் தள்ளி இருப்பது நல்லது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. பண்ணைதான் முதலில் வந்தது, வீடு பின்னால் வந்தது என்றால் யார் விலக வேண்டும்? ஊராட்சியாக இருந்தபோது பண்ணைக்காரரும் பக்கத்துத் தோட்டத்துக்காரரும் பங்காளிகளாகவோ பழகியவர்களாகவோ இருப்பார்கள். ஈ மொய்த்தால் நேரில் சொல்லித் தீர்த்துக்கொள்வார்கள். மனைப்பிரிவில் வீடு கட்டி வருபவர் வங்கிக் கடனோடு வருகிறார். அவருக்கு நாற்றமில்லாத காற்று உரிமை. அவர் புகார் கொடுப்பது சரியே. பண்ணையைச் சுற்றி வேளாண் மண்டலமாக ஒரு பட்டையை இணைப்பின்போதே ஒதுக்கியிருந்தால் இருவருக்கும் இந்த நிலை வராது. மாநிலத்தின் முட்டை உற்பத்திக்கு மையமாக நிற்கும் ஊரில் மண்டலம் வகுக்கும்போது முதலில் வரைய வேண்டிய கோடு அது.

சேலத்தைப் பார்த்தால் முப்பது ஆண்டுப் பாடம் கிடைக்கும். 1866இல் நகராட்சியான சேலம், 1994 ஜூன் 1 அன்று மாநகராட்சியானது. சூரமங்கலம் நகராட்சியும் கொண்டலாம்பட்டியும் சுற்றுக் கிராமங்களும் அப்போது உள்ளே வந்தன. இன்று 91.34 சதுர கிலோமீட்டர், நான்கு மண்டலம், 60 கோட்டம். இணைந்த பகுதிகள் வெறும் குடியிருப்புகளாக இருக்கவில்லை. அம்மாப்பேட்டையிலும் கொண்டலாம்பட்டியிலும் வீட்டுக்குள்ளேயே தறி ஓடியது. செவ்வாய்ப்பேட்டையிலும் சிவதாபுரம் பக்கமும் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வீட்டோடு ஒட்டியிருந்தது. குடியிருப்பு மண்டலம் என்று வண்ணம் தீட்டிய வரைபடத்தில் இந்தத் தறி வீடு அடங்காது. குறைந்த மின்திறனுக்குள் குடிசைத் தொழிலை விதிகள் அனுமதிக்கின்றன. ஆனால் மாடி உயர்ந்து வாடகை உயரும்போது தறி போடும் கீழ்த்தளம் கடையாகிவிடுகிறது. நெசவாளியை வெளியேற்ற எந்த ஆணையும் தேவைப்படுவதில்லை.

திருமணிமுத்தாறு இன்னொரு பாடம். சேர்வராயன் மலைப் பக்கமிருந்து இறங்கி, சேலம் நகரின் நடுவே ஓடி, நாமக்கல் மாவட்டத்தைக் கடந்து நஞ்சை இடையாறு பக்கம் காவிரியில் சேரும் ஆறு அது. நகரம் நெருங்க நெருங்க, சாக்கடைக் குழாய் போட்டு முடிக்காத தெருக்களின் கழிவெல்லாம் அதில்தான் இறங்கியது. சாயக் கழிவும் சேர்ந்தது. சேலத்தில் ஒரு தெருவுக்கு எத்தனை மாடி என்ற முடிவின் பலனைக் கீழ்மடையில் இருக்கும் நாமக்கல் விவசாயி கிணற்றில் காண்கிறார். அவரிடம் யாரும் ஆட்சேபணை கேட்டதில்லை, கேட்க வேண்டும் என்று சட்டமும் சொல்லவில்லை.

பிற இடங்களில் இதை எப்படிச் செய்கிறார்கள்? அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நிலத்தை நகரோடு இணைக்கும்போது நில உரிமையாளரும் நகர மன்றமும் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். இருபது ஆண்டு வரை செல்லும் அந்த ஒப்பந்தத்தில் மண்டலம், ஏக்கருக்கு எத்தனை வீடு, குழாய் யார் செலவு, பள்ளிக்கு எவ்வளவு நிலம் என்பதெல்லாம் வரும். பொது விசாரணை நடத்தி, மன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கோடுதான் நிறைவேற்ற முடியும். அங்கே பெரிய நிறுவனங்களின் கை ஓங்கும் என்பது உண்மை. ஐந்து ஏக்கர்க்காரர்கள் நிறைந்த நம் ஊருக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் இணைப்பும் நெருக்கமும் ஒரே தாளில், மக்கள் முன்னிலையில் எழுதப்படுகின்றன என்ற ஒன்றை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

சிறு உடைமைக்கு ஏற்ற வழி குஜராத்தில் இருக்கிறது. 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அங்கே நகர விளிம்பிலுள்ள நூறு ஏக்கர், இருநூறு ஏக்கரை ஒன்றாகத் தொகுத்து, ஒவ்வொருவரிடமும் ஒரு பங்கைத் தெருவுக்கும் பூங்காவுக்கும் ஏழைகள் வீட்டுக்கும் எடுத்துக்கொண்டு, மீதியை ஒழுங்கான மனையாக அவரவருக்கே திருப்பித் தருகிறார்கள். ஒவ்வோர் உரிமையாளரையும் அழைத்துக் கேட்பது நடைமுறையின் பகுதி. சென்னை மாகாணம் 1920லேயே நகரத் திட்டச் சட்டம் கண்டது. நிலத் தொகுப்புக்குத் தமிழ்நாட்டுச் சட்டத்திலும் பின்னாளில் இடம் சேர்க்கப்பட்டிருக்கிறது. நம் சட்டத்தின் 38ஆம் பிரிவு இதை இன்னும் அவசியமாக்குகிறது. வரைபடத்தில் பூங்கா என்று ஒதுக்கிய தனியார் நிலத்தை மூன்றாண்டுக்குள் கையகப்படுத்த முற்படாவிட்டால் அது ஒதுக்கீட்டிலிருந்து விடுபட்டதாகிவிடும். வண்ணம் தீட்டியதால் மட்டும் பூங்கா கிடைக்காது.

செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. 2011 அக்டோபரில் 42 உள்ளாட்சிகளைச் சேர்த்துச் சென்னை மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. பத்தாண்டு கழிந்த பின்னும் சேர்ந்த பகுதிகள் பலவற்றில் பாதாளச் சாக்கடை முடியவில்லை, அடுக்குமாடிகளோ காத்திருக்கவில்லை.

நெருக்கமே வேண்டாம் என்பது என் வாதமல்ல. ஏக்கருக்கு ஆறு வீடு என்று சிதறினால் இன்னும் வேகமாகக் காடு அழியும், குழாயின் நீளம் கூடும், பேருந்து நுழையாது. முதலைப்பட்டியில் 2024இல் திறந்த புதிய பேருந்து நிலையத்தைச் சுற்றி நான்கு மாடி எழட்டும். அகலச் சாலையும் குழாயும் அங்கே முதலில் போகட்டும். அதற்கு ஈடாகப் பண்ணைப் பட்டையும் ஏரி ஓடைகளின் ஓரமும் தோட்டங்களும் வேளாண் மண்டலமாகவே நிற்கட்டும். சாக்கடைக் குழாய் வந்து சேராத தெருவில் கூடுதல் தளப் பரப்பு விற்கக் கூடாது. விற்ற பணம் அந்தக் கோட்டத்திலேயே செலவாக வேண்டும். துண்டு துண்டான மனைப்பிரிவுகளை ஒரே கணக்கில் சேர்த்துத் திறந்தவெளி கேட்க வேண்டும். இவற்றில் எதற்கும் புதிய தத்துவம் தேவையில்லை; இருக்கும் விதிகளில் சில வரிகளைத் திருத்தினால் போதும்.

நாமக்கல்லின் புதிய எல்லைக்குள் வாழ்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முழுமைத் திட்டத்தின் வரைவு வெளியாகும்போது ஆட்சேபணைக்குக் குறைந்தது இரண்டு மாதம் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்த அறிவிப்பு செய்தித்தாளின் ஒரு மூலையில் வந்து போகும். அதைத் தவற விடாதீர்கள். உங்கள் புல எண் எந்த மண்டலத்தில் இருக்கிறது, முன்னால் போகும் சாலைக்கு எவ்வளவு அகலம் போட்டிருக்கிறார்கள், சாக்கடைக் குழாய் எந்த ஆண்டு வரும் என்று எழுதிக் கேளுங்கள். தனித்தனியாக இல்லாமல் ஊராகச் சேர்ந்து எழுதுங்கள். பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.